கையெழுத்து மட்டும் போட்ட காசோலை: கூட்டுறவுக் கடன் சங்கங்களும் 138-ஆம் பிரிவும்

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் கேட்டுப் போனவர்களுக்கு அந்தப் பட்டியல் தெரியும். சம்பளச் சான்று, ஆதார் நகல், இரண்டு போட்டோ, பங்குத் தொகை கட்டிய ரசீது, இரண்டு ஜாமீன்தாரர்கள். எல்லாவற்றையும் அடுக்கி வைத்த பிறகு, பல சங்கங்களில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "மூணு செக் லீஃப் குடுங்க. தேதி, தொகை எதுவும் எழுத வேணாம், கையெழுத்து மட்டும் போதும்." பணம் கைக்கு வரப்போகிற நேரம் அது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து அதே காசோலை வங்கியிலிருந்து திரும்பி, வக்கீல் நோட்டீஸாகி, கடைசியில் நீதிமன்ற சம்மனாக வீட்டுக்கு வருகிறது. ஊரில் இதைச் 'செக் கேஸ்' என்கிறார்கள்; சட்டப்படி இது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கு. அந்த வழக்கில் யார் ஜெயிப்பார்கள் என்பதை நீதிமன்ற வாதத்தைவிட இரண்டு விஷயங்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அந்தக் காசோலை எப்படி வாங்கப்பட்டது, பிறகு அதில் என்ன தொகை எழுதப்பட்டது. அதனால்தான் சங்கத்தில் வேலை பார்ப்பவர்களும் கடன் வாங்கியவர்களும் இதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கூட்டுறவுக் கடன் என்பது முதலில் காகிதத்தை நம்பி உருவானதல்ல. 1890களில் சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சனை ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை ஜெர்மனியின் ரைபைசன் முறையைத் தூக்கிப் பிடித்தது. ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவானது. வாங்குபவரின் குணமும் அவர் நிலத்தின் விளைச்சலும் சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும் என்பதே அன்றைய பிணை.

இன்று ஒரு நகரக் கூட்டுறவு வங்கியிலோ பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்திலோ ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். செயலாளருக்கு அவர்களில் பாதிப் பேரின் முகம்கூடத் தெரியாது. தெரிந்த முகம் இருந்த இடத்தில் இப்போது காசோலை இருக்கிறது.

சரி, கூட்டுறவுச் சங்கங்களுக்கு வசூலுக்கென்று தனிச் சட்ட வழியே கிடையாதா? இருக்கிறது, அதுவும் வலுவாக. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 90-ஆம் பிரிவுப்படி, சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான கடன் தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. பதிவாளரிடம், நடைமுறையில் துணைப்பதிவாளர் மட்டத்தில், நடுவர் தீர்ப்புக்குப் போகும். ஜாமீன்தாரரையும் அதில் சேர்க்கலாம். தீர்ப்பு வந்ததும் நிறைவேற்று மனு, ஜப்தி, ஏலம். பணியாளர் சங்கம் என்றால் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்யச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு நீதிமன்றங்களே தனியாக உண்டு. அங்கே 'பத் சன்ஸ்தா' எனப்படும் கடன் சங்கங்கள் பதிவாளரிடம் நேரடியாக வசூல் சான்றும் பெறலாம்.

இவ்வளவு இருந்தும் சங்கங்கள் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தின் படியேறுவதற்குக் காரணம் எளிமையானது. ஜப்தி செய்ய ஏதாவது இருந்தால்தான் ஜப்தி. வாடகை வீட்டில் இருக்கிற, சொந்த நிலம் இல்லாத, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர்மேல் நடுவர் தீர்ப்பு வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வதில் சங்கத்துக்குப் பலனில்லை. பயிர்க்கடனிலும் நகைக்கடனிலும் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை, நகை பெட்டகத்தில் இருக்கிறது. ஆள் ஜாமீன்மேல் கொடுத்த தனிநபர் கடன், சிறு வியாபாரக் கடன், வாகனக் கடன் ஆகியவற்றில்தான் சங்கங்கள் திணறுகின்றன. அங்கே சிறை என்ற சொல் மனிதரை நகர்த்துகிறது. இந்த உண்மையைச் சங்கத்தார் வெளியே சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

செலாவணி முறிச் சட்டம் 1881-ஐச் சேர்ந்தது. காசோலை திரும்பினால் குற்றம் என்ற பேச்சு அதில் முதல் நூறாண்டுகளுக்கும் மேல் இல்லை. 1988-ல் கொண்டுவந்த திருத்தம் 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அப்போது சேர்ந்ததுதான் 138-ஆம் பிரிவு. வியாபாரிகளிடையே காசோலைக்கு மதிப்பு வர வேண்டும் என்பது அதன் நோக்கம். முதலில் ஓராண்டாக இருந்த சிறைத் தண்டனை 2002 திருத்தத்தில் இரண்டு ஆண்டுவரை என்றானது. காசோலைத் தொகையைப்போல் இரண்டு மடங்குவரை அபராதமும் விதிக்கலாம். இது போலீஸ் வழக்கு அல்ல. காவல் நிலையத்துக்கும் இதற்கும் ஆரம்பத்தில் தொடர்பே இல்லை. பணம் வரவேண்டியவர் நடுவர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். சங்கத்தின் கணக்கு எந்த வங்கிக் கிளையில் இருக்கிறதோ, வசூலுக்காக அதன் வழியே போட்ட காசோலைக்கு அந்தக் கிளை இருக்கும் பகுதி நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று 2015 திருத்தம் தெளிவாக்கிவிட்டது.

இந்தச் சட்டத்தில் நாள் கணக்குதான் உயிர். காசோலையில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரலுக்கு முன் இது ஆறு மாதம். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் கையெழுத்திட்டவர் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். ஜூன் 3-ல் காசோலை திரும்பிய தகவல் வந்தது, ஜூலை 10-ல் நோட்டீஸ் கையில் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஜூலை 3-க்குள் அது அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஜூலை 25-வரை கடன்காரருக்கு அவகாசம். 26-ஆம் தேதியிலிருந்துதான் சங்கத்தின் ஒரு மாதம் தொடங்குகிறது. அந்த 15 நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுக் கொடுத்த புகார் செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதமாகப் போட்ட புகாரைத் தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம், ஆனால் 30 நாள் நோட்டீஸ் கெடுவைத் தவறவிட்டால் மன்னிப்புக் கிடையாது. அப்போது, காசோலை இன்னும் செல்லுபடியாகும் காலத்தில் இருந்தால், அதை மறுபடி வங்கியில் போட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

கணக்கில் பணம் இல்லை என்று திரும்பினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கை மூடிவிட்டாலும், 'பணம் தர வேண்டாம்' என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துக் காசோலையைத் தடுத்தாலும் 138 பாயும். அந்த யோசனை சொல்கிற நண்பர்களை நம்ப வேண்டாம்.

இப்போது அந்த வெற்றுக் காசோலைக்கு வருவோம். "நான் தொகையே எழுதலை, அவங்களாவே எழுதிக்கிட்டாங்க" என்பதுதான் கடன்காரர்கள் சொல்லும் முதல் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. கையெழுத்திட்டு நிரப்பாமல் ஒருவரிடம் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுத்ததாக அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவிலிருந்து பொருள் வருகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது: கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால், மற்றதை யார் நிரப்பினார்கள் என்பது முக்கியமில்லை. அதோடு 139-ஆம் பிரிவு சேர்கிறது. காசோலை கடனைத் தீர்க்கவே தரப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதும் அந்த அனுமானத்துக்குள் அடங்கும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவர்மேல். சந்தேகத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்த மாற்றுக் காரணம் ஒன்றைக் காட்டினால் போதும். ஆனால் வெறுமனே மறுத்துப் பேசுவது போதாது.

அடுத்த வாதம், "அது செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக்." இதில்தான் நீதிமன்றங்கள் நெடுநாள் ஊசலாடின. கொடுத்த அன்று கடன் ஏதும் உருவாகாமல், முன்பணமாகக் கொடுத்த காசோலை 138-க்குள் வராது என்று 2014-ல் ஒரு தீர்ப்பு. கடன் ஏற்கெனவே வழங்கப்பட்டு, தவணைகளுக்காகத் தரப்பட்ட பின்தேதியிட்ட காசோலை, 'செக்யூரிட்டி' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் வரும் என்று 2016-ல் ஒரு தீர்ப்பு. செக்யூரிட்டிக்குக் கொடுத்தது என்பதாலேயே காசோலை வெற்றுக் காகிதமாகிவிடாது என்று 2021-ல் மறுபடி. சுருக்கமாகப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: காசோலையில் போட்ட தேதியில், அதில் எழுதிய தொகைக்குக் கடன் நிலுவையில் இருந்ததா?

அந்தத் 'தொகைக்கு' என்ற சொல்லில்தான் சங்கங்கள் வழுக்கி விழுகின்றன. ஒருவர் ஒரு லட்சம் வாங்கினார். தவணையாக 40,000 கட்டினார், பிறகு நின்றுவிட்டது. அசலும் வட்டியும் சேர்த்துப் பேரேட்டில் நிற்பது 71,000 என்று வைத்துக்கொள்வோம். வசூல் பிரிவில் ஒருவர் அந்த வெற்றுக் காசோலையை எடுத்து, கடன் பத்திரத்தில் இருக்கிற ஒரு லட்சத்தையே எழுதி வங்கியில் போடுகிறார். காசோலை திரும்புகிறது. வழக்கும் சேர்ந்து விழுகிறது. கட்டிய பகுதியைக் காசோலையில் குறிப்பு எழுதிக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால், அது அந்தத் தேதியில் இருந்த கடனைக் காட்டவில்லை, எனவே குற்றம் ஆகாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2025-ல் இன்னொரு தீர்ப்பு நோட்டீஸைப் பிடித்தது. நோட்டீஸில் கேட்கும் தொகை காசோலைத் தொகையோடு சரியாகப் பொருந்த வேண்டும், தட்டச்சுப் பிழை என்றாலும் விலக்கில்லை. வட்டி, வக்கீல் செலவு கேட்பதென்றால் தனி வரியில் கேட்கலாம், காசோலைத் தொகையோடு கலக்கக் கூடாது.

இந்தத் தீர்ப்புகளைச் சங்கங்களுக்கு எதிரானவை என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் வட்டிக்கடைக்காரரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. ஒவ்வொரு ரசீதும் நாளேட்டில் ஏறுகிறது, பேரேட்டில் கழிகிறது. சான்றளித்த பேரேட்டு நகலைச் சாட்சியமாக ஏற்பது 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு. பேரேட்டைப் பார்த்து 71,000 என்று எழுதினால் அந்த வழக்கை அசைக்க முடியாது. பார்க்காமல் ஒரு லட்சம் என்று எழுதுவது உறுப்பினரின் கையெழுத்தை அவருக்கு எதிராகத் தவறாகப் பயன்படுத்துவது. அந்த உறுப்பினரும் சங்கத்தின் உடைமையாளர்தானே.

சாட்சிக் கூண்டில் சங்கம் சந்திக்கும் அடுத்த தடை, யார் சாட்சி என்பது. புகார் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், செயலாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ அதன் சார்பில் ஆஜராக வேண்டும். அதற்கு நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும். நிர்வாகக் குழு இல்லாத காலமென்றால் தனி அலுவலரின் உத்தரவு. வருகிறவருக்கு அந்தக் கடன் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதை 2013-ல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. கடன் கொடுத்த செயலாளர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், புதியவர் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. குறுக்கு விசாரணையில் கடன் எந்த வழியில் வழங்கப்பட்டது, கடைசியாக எந்தத் தேதியில் பணம் வந்தது, இந்தக் காசோலையை யார் எப்போது நிரப்பினார்கள் என்று கேட்டால் அவர் கோப்பைத்தான் புரட்ட வேண்டும். கோப்பு சரியாக இருந்தால் பிழைத்தார்.

ஜாமீன்தாரர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் மாமா உடன் வேலை பார்த்த ஒருவருக்காக ஒரு சங்கத்தில் ஜாமீன் போட்டார், ஒரு காசோலையும் கொடுத்தார். கடன் வாங்கியவர் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். மாமாவுக்கு நோட்டீஸ் வந்தபோது, "வாங்கினது அவன், எனக்கு எதுக்கு?" என்று மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். அந்த 15 நாளும் அங்கேயே கழிந்தது. பிறகு சம்மன். சட்டம் 'ஏதாவது கடன் அல்லது வேறு பொறுப்பு' என்றுதான் சொல்கிறது, சொந்தக் கடன் என்று சொல்லவில்லை. ஜாமீன்தாரர் கொடுத்த காசோலையும் 138-க்குள் வரும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம் இது. முதல் வாய்தாவிலேயே மாமா பணத்தைக் கட்டி சமரசம் செய்துகொண்டார். கட்டிய பணத்தை அசல் கடன்காரரிடம் வசூலிக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டப்படி அவருக்கு உண்டு. உரிமை இருக்கிறது, பணம்தான் இன்னும் வரவில்லை.

நோட்டீஸ் வந்ததும் செய்ய வேண்டியது, அதை வாங்கிப் படிப்பது. தபால்காரரைத் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் பழையது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே சேர்ந்ததாகக் கொள்ளலாம். உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2007 தீர்ப்பு சொல்கிறது. தொகை தவறு என்றால் அந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்பி, ரசீது நகல்களை இணைத்து, கணக்கு நகல் கேட்க வேண்டும். பதிலே அனுப்பாதவர் பின்னால் கூண்டில் நின்று புதிய கதை சொன்னால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

வழக்கு நடக்கும்போது எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்யலாம். 147-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. தாமதமாகச் சமரசத்துக்கு வருகிறவர் காசோலைத் தொகையில் 10 சதவீதத்தில் தொடங்கிக் கூடுதல் செலவு கட்ட வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2025-ல் அந்த விகிதங்களைக் குறைத்து, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சியம் பதிவாகும் முன்பே கட்டினால் கூடுதல் எதுவும் வேண்டாம் என்றது. லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். அங்கே எழுதும் உடன்பாட்டை உரிமையியல் தீர்ப்பாணைபோல நிறைவேற்றலாம் என்பதால், கட்ட முடிகிற தவணையை மட்டும் ஒப்புக்கொள்வது நல்லது. இழுத்தடிக்க நினைப்பவர்களுக்கு 2018 திருத்தம் கடிவாளம் போட்டது. குற்றத்தை மறுத்து வழக்காடுகிறவரை 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் வந்தது. எல்லா வழக்கிலும் கட்டாயம் இல்லை, நடுவர் காரணம் எழுதித்தான் உத்தரவிட வேண்டும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் குற்ற வழக்கு அவரோடு முடிந்துவிடும். மனைவிமேலோ பிள்ளைகள்மேலோ அதைத் தொடர முடியாது. சங்கம் கூட்டுறவுச் சட்டப்படி அவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் போகலாம், அவ்வளவுதான். கூட்டுக் கணக்கு என்றாலும் காசோலையில் கையெழுத்துப் போட்டவர் மட்டுமே பொறுப்பு. மிரட்டுவதற்காகக் குடும்பத்தார் பெயர்களையும் நோட்டீஸில் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

சிறை பயத்தை நம்பி வசூலுக்குப் போகிற சங்கங்கள் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 2019 இறுதியில் நாடு முழுவதும் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள். ஐந்து நீதிபதிகள் அமர்வு 2021-ல் இதை எடுத்துப் பேசியது. மறு ஆண்டு ஐந்து மாநிலங்களில் தனி நீதிமன்றங்களுக்கும் உத்தரவானது. ஆனாலும் வாய்தா, வாரண்ட், மேல்முறையீடு என்று வருடங்கள் போகின்றன. அத்தனை வருடமும் அந்தத் தொகை சங்கத்தின் ஏட்டில் தவணை தவறிய கடனாகவே நிற்கிறது. அது மற்ற உறுப்பினர்களின் வைப்புத் தொகை.

காசோலைக்குப் பதில், கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் மின்னணு ஒப்புதலை வாங்கும் சங்கங்களும் இருக்கின்றன. அது திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டுப் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏறக்குறைய இதே தண்டனையைச் சொல்கிறது. அதில் ஒரு நன்மை உண்டு: மாதத் தவணை எவ்வளவு, உச்சவரம்பு எவ்வளவு என்று ஒப்புதல் கொடுக்கும்போதே எழுதியாக வேண்டும்.

காசோலைதான் வேண்டும் என்கிற சங்கம், காசோலை எண்களைக் கடன் பத்திரத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு ஒப்புகைச் சீட்டைக் கடன்காரருக்கும் ஜாமீன்தாரருக்கும் தரலாம். கடன்காரரும் அன்றே அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். வங்கியில் போடும் முன் நிலுவைக் கணக்கை எழுதி ஒரு கடிதம் அனுப்பினால், பாதி வழக்குகள் அந்தக் கடிதத்திலேயே முடியும் என்பது என் எண்ணம். கடன் தீர்ந்த நாளில் நிலுவையில்லாச் சான்றை வாங்கிக்கொண்டு, காசோலைகளைத் திருப்பிக் கேட்காமல் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். மாமா ஜாமீன் போட்ட அந்த நண்பர் கொடுத்த மூன்று காசோலைகள் கடன் அடைந்த பிறகும் சங்கத்தின் கோப்பிலேயே இருந்தன. மாமா போய் எழுதிக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றிலும் கையெழுத்து மட்டும் இருந்தது.